முறத்தில் பதினாறு புளியங்கொட்டை

அருளா,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை முதலில் போனது. எழுதிவிட்டு அடித்துவிட்டேன். இங்கே நலமும் இல்லை, உன் நலத்தை எந்த விலாசத்துக்கு எழுதிக் கேட்பது என்றும் தெரியவில்லை. அதனால்தான் ஊர் உலகம் படிக்கிற பத்திரிகையில், நாலு பேர் பார்க்க, பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற கதி எனக்கு வந்தது. ஆசிரியர் நல்ல மனுஷர். "உங்க பேர் வேணாம்மா, ஊர் பேர் போதும்" என்றார். வில்லியனூர் என்று போட்டாலே உனக்குத் தெரியுமே. நீ எந்த ஊரில் எந்தக் கோலத்தில் திரிந்தாலும் இந்தப் பத்திரிகையை வாங்கிக் கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்தை நிரப்பாமல் உனக்குச் சோறு இறங்காது. அந்தப் பக்கத்தைப் பிடுங்கி அடுப்பில் போடுகிறேன் பார் என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன். இன்றைக்கு அந்தக் கட்டங்களை நம்பித்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. இதை மற்றவர்களும் படிப்பார்கள். அது மட்டுமில்லை. நடந்ததை நீ உனக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாய். அப்படி ஓட்டுகிறபோது உனக்குச் சாதகமானதை எல்லாம் விட்டுவிட்டு, பாதகமானதை மட்டும் பொறுக்கிக்கொள்கிற புத்தி உனக்குச் சின்னதிலிருந்தே உண்டு. பரீட்சையில் ஒரு கணக்குத் தப்பாகிவிட்டால் மற்றதெல்லாம் சரி என்பதை மறைத்துவிட்டு அழுதவன்தானே நீ. அதனால் முழுக்கதையையும் உன் அம்மா வாயால் ஒரு தடவை கேள்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, உங்கப்பா கூடத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஆற்றிலும் ஏரியிலும் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்கிற கருவிகளை வைத்து, அந்த அளவை டெலிபோன் கம்பி வழியாகப் புதுச்சேரி ஆபீசுக்கு அனுப்புகிற வேலையை உன் கம்பெனி எடுத்திருந்தது. அதற்கு நீதான் இன்ஜினீயர். எனக்கு ஒரே பெருமை. வாலிபம் முழுக்க எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்" சொல்லி ஓய்வு பெற்றவள் நான். மனுஷர் பேசாமல் எண் மட்டும் எப்படிக் கம்பியில் போகும் என்று கேட்டேன். நீ அப்பாவின் முறத்தை வாங்கித் தட்டிச் சுத்தம் பண்ணினாய். நாலு புளியங்கொட்டையை எடுத்து நாலு மூலையில் வைத்தாய்.

"கம்பியில எண்ணு அப்டியே போவாதும்மா. சத்தமா மாத்தித்தான் அனுப்பணும். அந்தச் சத்தத்த எத்தினி விதமா மாத்தறோம்ங்கறதுதான் விஷயமே. இது நாலு நெல. கம்பியில ஒரு தடவ தட்டனா இந்த நாலுல ஒண்ணு போவும், எதுன்னு அந்தாண்ட இருக்கற பொட்டி கண்டுபுடிக்கணும்" என்றாய். பிறகு இன்னும் கொட்டைகளை அள்ளி வரிசையாக நெருக்கி வைத்தாய். "இது பதினாறு நெல. நாலு நாலா ரெண்டு தட்டுல சொல்றத இப்ப ஒரே தட்டுல சொல்லிடலாம், ரெண்டு மடங்கு சேதி. அதே கம்பி, அதே நேரம்." அட, இது நல்லதாயிருக்கிறதே என்றேன். நீ சிரித்துக்கொண்டே, முதலில் நாலு கொட்டையை மட்டும் வைத்து, "அப்பா, லேசா ஆட்டு" என்றாய். அவர் ஆட்டினார். கொட்டைகள் கொஞ்சம் நகர்ந்தன. ஆனாலும் எது எந்த மூலைக் கொட்டை என்று பார்த்தவுடன் தெரிந்தது. பதினாறையும் வைத்து அதே மாதிரி ஆட்டச் சொன்னாய். ஒன்றன் இடத்துக்கு ஒன்று போய், எது எதுவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. "மழ, இடி, ஈரம் பூந்த கம்பி, இதெல்லாந்தான் இந்த ஆட்டம்" என்றாய். நினைவிருக்கிறதா? உனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரியும்.

"அப்ப நாலையே வெச்சிட்டுப் போயேன், இன்னாத்துக்கு வம்பு?" என்று கேட்டேன். அப்போது நீ சொன்ன பதிலைத்தான் இப்போது நீ உனக்குச் சொல்லிக்கொள்ளாமல் விடுகிறாய். "நாலுல பாதிதாம்மா போவும். நம்ம ஆத்து அளவு போனா பாகூர் ஏரி அளவு நேரத்துக்குப் போவாது. ஏரி போனா ஆறு நிக்கும். ரெண்டுக்கும் சேத்து ஒரே லைன்தான் குடுத்துக்கிறாங்க. யாரம்மா வுடறது?" உங்கப்பா தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்: "யாரையும் வுடாத. இந்தாண்ட நம்ம தெரு, அந்தாண்ட ஏரிப்பக்கம் பனித்திட்டுல உஞ்சித்தி. ரெண்டும் நம்ம ஜனந்தான்." அவ்வளவுதான். அந்தக் கோடை முழுக்க நீ சோதித்துப் பார்த்தாய், ஒரு எண்கூடப் பிசகவில்லை. பதினாறிலேயே வைத்துவிட்டாய்.

யாரம்மா வுடறது. இதே வார்த்தையை நீ அரை டிராயர் போட்ட வயதில் சொல்லியிருக்கிறாய். பள்ளிக்கூடம் விட்டு ஒரே சைக்கிளில் பாரில் ஒருவன், பின்னால் இரண்டு பேர், ஹேண்டில்பாரில் ஒரு பொடியன் என்று ஏற்றிக்கொண்டு வந்து வாய்க்காலில் விழுந்தாய். எல்லார் புத்தகமும் நனைந்து, நாலு வீட்டுக்காரிகளும் நம் வாசலில் வந்து நின்றார்கள். "ஏன்டா அத்தினி பேர ஏத்தன?" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே "யாரம்மா வுடறது?" என்றாய். மேற்கொண்டு அடிக்கக் கை வரவில்லை. வேகத்துக்கு ஆசைப்பட்டுக் கெட்டான் என்று இப்போது ஊரில் சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? நீ பேராசைக்காரன் இல்லையடா. ஒருத்தரையும் விட மனசு வராதவன். கம்பிக்கு அதெல்லாம் தெரியவில்லை.

பிறகு ஐப்பசியில் அந்த மழை. காலையிலிருந்து விடாமல் ஊற்றியது. மத்தியானம் எதிர்வீட்டு மரியாளின் புருஷன் சவரி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நம் வாசலுக்கு வந்தான். உனக்குச் சவரி சித்தப்பா. ஆற்றங்கரையில் அவன் கரும்புக் கொல்லை, கொல்லையில் கிணறு, கிணற்றில் மோட்டார். "யக்கா, ஆறு எப்டிக்கீதுன்னு ஆபீஸ்ல கேட்டுச் சொல்லு. மோட்டார அவுத்துக்கினு வந்துடறேன்" என்றான். நான்தான் போன் போட்டேன். லைனில் ஒரே கரகரப்பு. அங்கே இருந்த ஆள் பெட்டியில் தெரிந்த எண்ணைப் படித்தான். அது கீழே இருக்கிற எண். "கம்மியாத்தான் இருக்குதாம் சவரி. சீக்கிரம் போய்ட்டு வா" என்றேன். கேட்டாயா? அந்த எண்ணை அவனிடம் சொன்னது இந்த வாய்.

அது விடியற்காலையில் வந்த எண். அதற்கப்புறம் மழையில் கம்பி ஊறி, பதினாறும் ஒன்றோடொன்று குழம்பி, வந்ததெல்லாம் தப்பு தப்பு என்று அந்தப் பெட்டி தள்ளிவிட்டுத் திரும்பச் சொல், திரும்பச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியாகச் சரியாக வந்த எண் அப்படியே நின்றுவிட்டது. பார்த்தவன் அதை இப்போதைய எண் என்று நினைத்துவிட்டான். ஆறும் போகவில்லை, ஏரியும் போகவில்லை. பாகூர் ஏரிக்கரை அந்த மழையில் உடையாமல் நின்றது மாதா புண்ணியம். கொல்லைக்குள் ஆறு புகுந்து அடித்துக்கொண்டு போன சவரியை மறுநாள் முள்வேலியிலிருந்து எடுத்தார்கள். மோட்டாரைக் கழற்றுகிற ஸ்பேனர் இடுப்பில் செருகினபடியே இருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு ஊரே வந்தது. நீ மட்டும் மதிலுக்கு வெளியே, சேற்றில், செருப்பில்லாமல் நின்றாய். ஒரு பிடி மண் போடக்கூட உள்ளே வரவில்லை. நான் கண்ஜாடை காட்டினேன், நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாதா படத்துக்குக் கீழே நீ எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கிற அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர் இருந்தது. நீ இல்லை. வேறு ஊருக்கு வேலை தேடிப் போகிறவன் அதை எடுத்துக்கொண்டுதான் போவான். வைத்துவிட்டுப் போனாயே, அதைத்தான் நான் தினமும் கையில் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் என்று ஒன்று இல்லை.

பொங்கல் போயிற்று, சாம்பல் புதனும் வந்து போயிற்று. ரயில் தண்டவாளத்தில் ஒரு பையன் கிடக்கிறான், கிணற்றில் ஒரு பையன் மிதக்கிறான் என்று எங்கிருந்து செய்தி வந்தாலும் உங்கப்பா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். திரும்பி வந்து வாசலிலேயே நின்று, "அவன் இல்ல" என்பார். அப்படியே கிணற்றடிக்குக் குளிக்கப் போய்விடுவார். நான் அப்பாடா என்று காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். எவளோ பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கிறான், நான் அப்பாடா என்கிறேன். என்னை என்ன ஜென்மமாக ஆக்கிவிட்டாய் என்று பார்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. மழையால் லைன் பழுது என்று எழுதி, பழியை வானத்தின் மேல் போட்டு மூடிவிட்டார்கள். உன்னை யாரும் தேடவில்லை, பெற்றவர்களைத் தவிர. உன் இடத்துக்கு வந்திருக்கிற புதுப் பையனை வழியில் பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன். "இப்ப சூப்பரா வேல செய்யுதும்மா, ஒரு எண்ணுகூடத் தப்பு இல்ல" என்கிறான். பங்குனி வெயிலில் தப்பு வருமா? பதினாறிலேயேதான் வைத்திருக்கிறான். "நாலுல வைப்பா, இல்லன்னா இன்னொரு லைன் கேளு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஐப்பசி திரும்ப வரும், அருளா. அந்த ஆபீஸ் படியேறி, "இது மழைக்குத் தாங்காது, எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்றால் இப்படித் தெரியும்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். செத்தவன் எந்தப் படியும் ஏற முடியாது.

மரியாளைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கொஞ்ச நாள் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். பிறகு, வாங்கிக் கட்டிக்கொண்டு வருவோம் என்றுதான் போனேன். அவள் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. "எங்க உம் புள்ள?" என்றாள். தெரியல என்றேன். அப்போதுதான் வந்தது பார் கோபம்.

"ஓடிப் பூட்டானா? நல்லாக்கீது நாயம்! எம் புருசன் பூட்டதுக்கு நான் யாரப் புடிச்சித் திட்டறது? மழையவா? ஆபீசுக்குப் போனா சேர் போட்டு ஒக்கார வெச்சி, டீ வாங்கிக் குடுக்கறான். ஒருத்தனும் திட்டு வாங்க மாட்றான்க்கா. இதுவும் வானத்தால, அதுவும் வானத்தால. உம் புள்ள ஒருத்தனுக்குத்தான் வலிச்சுது, அவனும் பூட்டான். வரச் சொல்லு. வந்து எம்முன்னால நிக்கச் சொல்லு. நாலு வார்த்த கேட்டாத்தான் எனக்கு இந்த நெஞ்சு ஆறும்." இதைச் சொல்லிவிட்டு, சோளத்தை அப்படியே போட்டுவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மன்னித்துவிட்டாள் என்று நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். மன்னிக்கவில்லை. திட்ட உனக்காகக் காத்திருக்கிறாள். உயிரோடு இருப்பவனைத்தான் திட்ட முடியும். வா, வந்து வாங்கிக்கொள். சாவது உனக்குத் தண்டனை மாதிரித் தெரியலாம், அவளுக்கு அது இன்னொரு ஏமாற்றம்.

சரி, வர மனசில்லையா? யாரிடமும் பேச வாய் வரவில்லையா? அதற்கும் ஒரு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. நீ மெட்ராசில் படித்தபோது நம் எக்ஸ்சேஞ்சுக்கு எஸ்.டி.டி. வந்த புதிது. பேசினால் காசு, அடித்துவிட்டு வைத்தால் காசில்லை. உடனே நீ ஒரு கணக்குப் போட்டாய். ஒரு மணி அடித்து நின்றால் சுகமாய் இருக்கிறேன். இரண்டு அடித்தால் சனிக்கிழமை வருகிறேன். மூன்று அடித்தால் வரவில்லை. நாலு அடித்தால் பரீட்சை ஊத்திக்கொண்டது. உன் மூளையை மெச்சிக்கொண்டோம். நீ ஒரு வாரம் மூன்று அடித்தாய், இங்கே இரண்டுதான் அடித்தது. நீ அந்தப் பக்கம் கேட்கிற மணி வேறு, இந்தப் பக்கம் அடிக்கிற மணி வேறு. எக்ஸ்சேஞ்சில் குப்பை கொட்டிய எனக்கே அது அப்போது உறைக்கவில்லை. சனிக்கிழமை நான் கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். உங்கப்பா பஸ் ஸ்டாண்டில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு, பொழுது சாயும்வரை தூறலில் நின்றார். அடுத்த தடவை நீ வந்தபோது அவர் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய்: "இன்னாத்துக்குடா இத்தினி கணக்கு? ஒண்ணே ஒண்ணு அடி. அடிச்சா நல்லாக்கீறேன்னு அர்த்தம். மிச்சத்த வந்து சொல்லு." அன்றிலிருந்து அதுதான் நம் வீட்டு வழக்கம்.

இப்போது அவர் காலையில் எழுந்ததும் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். சோறும் அங்கேதான். ஆனால் நம் வீட்டு போன் நம் வீட்டுக்கு மட்டும் என்றைக்கு அடித்தது? தெருவில் எல்லாரும் பி.பி. என்று போட்டு நம் எண்ணைத்தானே உறவுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். மணி அடிக்கும், உங்கப்பா துள்ளி எழுவார். திருபுவனை ஃபேக்டரியிலிருந்து யாரோ யாரையோ கூப்பிடச் சொல்வார்கள். சில நேரம் ஒரு மணி அடித்து நின்றுவிடும். நீயா, ராங் நம்பரா, லைன் அறுந்ததா? அவர் என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். ஒருநாள் அப்படி அடித்து நின்றதும் அவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அதை மரியாள் பார்த்துவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பம்பாயில் வேலை பார்க்கிற அவள் மகன் லூர்து நம் போனுக்குத்தான் கூப்பிடுவான். அதற்காக வந்து நின்றவள். புருஷன் போனபிறகு அவளுக்கு வாரத்துக்கு ஒரு முறை கேட்கிற அந்தக் குரல்தான் எல்லாம்.

லூர்து கூப்பிட்டான். மரியாள் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "டேய், இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாத. காயிதம் போடு போதும். இன்னாத்துக்கா? அருளு அடிச்சான்னா இவங்களுக்குத் தெரியணும்டா. நீ உசுரோட கீறன்னு எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியல." வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போய், வீடு வீடாக நின்று, "அந்த வூட்டுக்கு இனிமே யாரும் போன் பண்ணச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பனித்திட்டிலிருந்து உன் சித்தி இப்போது பஸ் ஏறி வந்துதான் விசாரிக்கிறாள். பங்குச் சாமியாரும் ஆள் அனுப்புகிறார். லைன் வேலை செய்கிறதா பார்ப்போம் என்று உங்கப்பா ரிசீவரைத் தூக்கப் போனால், "வைங்க கீழ! அந்த நேரம் பாத்து அவன் அடிச்சிட்டா?" என்று கத்துகிறேன். நம் வீட்டில் போன் அடித்து வெகு நாளாகிறது.

ஆகையால் இதைப் படிக்கிற மற்றவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பாவம் என்று இரக்கப்பட்டு எங்கள் எண்ணைத் தேடிப் பிடித்து யாரும் அடித்துவிடாதீர்கள். உங்கள் ஆறுதலைத் தபாலில் அனுப்புங்கள்.

அருளா, நீ ஒன்றே ஒன்று அடி. நான் எடுக்க மாட்டேன். வேளாங்கண்ணி மாதா மேல் சத்தியம். அடிக்கிற போனை எடுக்காமல் விட்ட பழக்கம் இந்த ஜென்மத்தில் எனக்குக் கிடையாது, இருந்தாலும் உனக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், ஏன் போனாய் என்று கேட்க மாட்டேன், அழுகிற சத்தம்கூட உனக்குக் கேட்காது. இரண்டாவது மணிக்கு முன்னால் நீயே வைத்துவிடு. இப்போது இங்கே எந்த மணி அடித்தாலும் அது நீதான். தப்பாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

லைன் காலியாக இருக்கிறது, ராசா.

அம்மா